லேட்டன்சி: மறைநிலையா, சுணக்கமா?

“அடாப்டரின் மறைநிலையைத் தொடர்ந்து கண்காணிக்கவும்.” கும்பகோணத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளில் இப்படி இருந்தது. ஒரு பையன் எழுந்து, “மறைஞ்சிருக்கிற அடாப்டரை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டான். அவன் மேல் தப்பே இல்லை. லேட்டன்சி என்றால் கேட்டதற்குப் பதில் வர ஆகும் நேரம். அதற்கு மறைநிலை என்று எழுதுவதை எத்தனையோ தடவை பார்த்துப் பொறுத்தாயிற்று.

லத்தீனில் ‘லட்டேரே’ என்றால் மறைந்திருத்தல். அங்கிருந்து வந்த சொல்தான். 1850இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைத் தசையைத் தூண்டி அளந்தபோது, தூண்டியதற்கும் துடித்ததற்கும் நடுவே வெளியே ஒன்றும் தெரியாத சிறு பொழுது இருந்தது. அந்தப் பொருளில்தான் கணினிக்கும் வந்தது. மறைவு அதன் பூர்வீகம், அவ்வளவே. இன்று அது நேரம்.

அதுவும் அளக்கிற நேரம். ஒரே கணினிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளால் ஆன கணினிகளை, ஓட்டுவது விஎம்வேர் ஹோஸ்ட். அதில் ஈஎஸ்எக்ஸ்டாப் என்ற கண்காணிப்புக் கருவியைத் திறந்து ‘டி’ எழுத்தைத் தட்டினால், ஹோஸ்ட்டை டிஸ்க்குகளோடு இணைக்கும் ஸ்டோரேஜ் அடாப்டர்கள் வரிசையாக வரும். 5 விநாடிக்கு ஒருமுறை எண்கள் மாறும். டிஏவிஜி என்பது கட்டளை அடாப்டரைத் தாண்டி ஸ்டோரேஜுக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். கேஏவிஜி, ஹோஸ்ட்டின் மைய மென்பொருளான கெர்னலுக்குள்ளேயே கழியும் நேரம். இரண்டையும் கூட்டினால் ஜிஏவிஜி. விர்ச்சுவல் மெஷின் அனுபவிப்பது அதைத்தான். டிஏவிஜி 25 மில்லி விநாடியைத் தாண்டினால் ஸ்டோரேஜ் பக்கம் போய்ப் பார்ப்போம். கேஏவிஜி 2ஐத் தாண்டினால் ஹோஸ்ட்டில் கட்டளைகள் காத்து நிற்கும் கியூ நிரம்பிவிட்டதா என்று பார்ப்போம். இதில் எது மறைந்திருக்கிறது? திரையில் எண்ணாகப் பளிச்சென்று நிற்கிறதே. “25 மில்லி விநாடி மறைநிலை” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இது புதிதே அல்ல. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள். கடைமடைக்கு அதற்கும் மேலே. எத்தனை ஆயிரம் கன அடி என்பது ஒரு கணக்கு, எப்போது வந்து சேரும் என்பது வேறு கணக்கு. ஆற்றில் வர ஆகும் நாள் ஒன்று, வாய்க்கால் தலைப்பில் முறைக்குக் காத்துக் கிடக்கும் நாள் இன்னொன்று. வயல்காரர் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்: “இந்தத் தடவை தண்ணி சுணங்கிருச்சு.”

அந்தச் சொல் போதும்: சுணக்கம். தாமதம் என்றே எழுதலாமே என்பார்கள். தாமதத்துக்கு ஒரு கெடு வேண்டும். ரயில் பத்து நிமிடம் தாமதம் என்றால், அது வரவேண்டிய நேரம் என்று ஒன்று இருக்கிறது. நன்றாக ஓடுகிற டிஸ்க்கும் கொஞ்சம் நேரம் எடுக்கத்தான் செய்யும். அதற்கு எந்தக் கெடுவும் தவறவில்லை. சுணக்கத்திலும் குறை சொல்லும் தொனி இருக்கிறது, சரி. ஆனால் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், ‘அடாப்டர் சுணங்குகிறது’ என்று வினையாகவும் சொல்லலாம். மறைநிலையில் இதெல்லாம் முடியாது. காசநோய்க் கிருமி உடலில் அடங்கிக் கிடக்கிறதே, அதற்கு அந்தச் சொல் அழகாகப் பொருந்தும். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துப் போடும் மொழிபெயர்ப்பாளர், அந்தத் திரையை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

வகுப்பிலேயே தாளை வாங்கி, மறைநிலை வந்த இடமெல்லாம் பேனாவால் அடித்துச் சுணக்கம் என்று எழுதிக் கொடுத்தேன். பையன் திரைக்குத் திரும்பினான். “ரெண்டாவது அடாப்டர்ல சுணக்கம் 40 சார்.”