பழைய சாவிக் கூட்டைக் குப்பையில் போடாதீர்கள்

காலையில் என் கார்ச் சாவிக் கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே மேலூரிலிருந்து போன். "அண்ணே, செல்ஃப் அடிக்குது, வண்டி பிடிக்க மாட்டேங்குது. டேஷ்போர்டுல சாவி மாதிரி ஒரு லைட் மினுக்குது."

"சாவியை மடக்குற ஃபிளிப் கீயா மாத்துனீங்களா தம்பி?"

"ஆமாண்ணே, ஆன்லைன்ல வெறும் பிளாஸ்டிக் கூடு வாங்கி நானே மாத்துனேன்."

"பழைய கூடு?"

"குப்பை வண்டியில போயிருச்சே."

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி: "ரிமோட் நல்லா வேலை செய்யுதேண்ணே, புது பேட்டரிகூடப் போட்டேனே?"

ரிமோட் வேறு, சிப் வேறு. ரிமோட்டின் வேலை கதவோடு முடிந்தது. இஞ்சினுக்கு அனுமதி கொடுப்பது சிப். அதற்கு பேட்டரியே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயில்தான் அதற்கு உயிர் கொடுக்கிறது. நம்பாவிட்டால், நல்ல சாவியிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பட்டனுக்குக் கதவு திறக்காது, வண்டி ஓடும். கதவு திறப்பது வாட்ச்மேன், உள்ளே விடுவது வீட்டுக்காரம்மா. வாட்ச்மேனுக்கு பேட்டரி மாற்றி என்ன பயன்?

பல பழைய சாவிகளில் அந்தச் சிப், பாதிப் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்புத் துண்டாகக் கூட்டின் ஒரு குழியில் தனியாக உட்கார்ந்திருக்கும். சில சாவிகளில் கண்ணாடிக் குழாய். வேறு சிலவற்றில் ரிமோட்டின் சர்க்யூட் போர்டிலேயே இருக்கும். அப்படி ஒரு சாவியை வைத்து எடுத்த வீடியோவைப் பார்த்து, போர்டை மட்டும் மாற்றிவிட்டு, சிப்பைப் பழைய கூட்டோடு குப்பையில் போட்டுவிட்டு எனக்கு போன் செய்கிறார்கள். சிப்பைச் சோதித்து இஞ்சினை விடும் இம்மொபிலைசரே இல்லாத பழைய கார்பரேட்டர் வண்டிக்காரருக்கு இந்தத் தலைவலி இல்லை, சாவியின் உலோகப் பிளேடை வெட்டினால் போதும்.

வெட்டுவது பற்றி ஒன்று. பத்து வருடம் தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து வரும். வண்டி வாங்கும்போது சாவியோடு தந்த, சாவி நம்பர் பொறித்த சின்னத் தகடு இருந்தால் கொண்டு வாருங்கள், அந்த நம்பரை வைத்துத் தேய்மானம் இல்லாமல் வெட்டலாம்.

நீங்களேதான் மாற்றுவேன் என்றால், பழைய கூட்டைக் கத்தியை விட்டு நெம்பாதீர்கள், சிப் உடையும். புதுக் கூட்டில் சிப்பை அதற்கான குழியிலேயே வையுங்கள், இடம் மாறினால் காயிலுக்குக் கேட்காது. பிளேடைப் பிடிக்கும் சின்னப் பின் முழுசாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். மூடும் முன் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். தயவுசெய்து பழைய கூட்டையும் பிளேடையும் பத்திரமாக வையுங்கள். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார்கள்.

மேலூர்த் தம்பியிடம் இரண்டாவது சாவியும் இல்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. இருந்திருந்தால் அதிலிருந்து நகல் எடுத்திருக்கலாம். மெஷினைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். புதுச் சிப்பை வண்டியில் பதிய வைத்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. சில நூறு ரூபாய்க் கூடு, சில ஆயிரத்தில் முடிந்தது. கிளம்பும்போது சொன்னார்: "இன்னொரு சாவியும் போட்டுக் குடுங்கண்ணே. மடக்குறது வேண்டாம், சாதாச் சாவியே போதும்."