வண்டிக்கு அடியில் ஆயில் அடிப்பதை நிறுத்துங்கள், ப்ளீஸ்

போன வாரம் பட்டறைக்கு இன்னொரு கார் வந்தது. நாலு வருஷம்கூட ஆகாத ஹேட்ச்பேக். வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறதாம். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் அடிப்பாகம் முழுக்கக் கரேலென்று பிசுக்கு. ஆயிலும் மணலும் குழைந்து களிம்பு மாதிரி அப்பியிருக்கிறது. சுரண்டி எடுத்த பிறகுதான் லோயர் ஆர்ம் புஷ்ஷே (சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரும்புக் கையின் மூட்டு ரப்பர்) கண்ணில் பட்டது. ரப்பர் பொதபொதவென்று ஊதிப்போய், நகத்தால் அழுத்தினால் உள்ளே அமுங்குகிறது. விரலை எடுத்தால் நுனியெல்லாம் மை. ஓனர் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாசா மாசம் வாட்டர் சர்வீஸ் விட்டு ஆயில் ஸ்ப்ரே அடிச்சுடுவேன் சார், ஒரு மாசம்கூட விட்டதில்ல" என்கிறார். முகத்தில் அத்தனை பெருமை.

கெடுப்பதற்குக் காசு கொடுத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாட்டர் சர்வீஸில் வண்டியை விட்டதும் "ஆயில் அடிச்சிரலாமா சார்?" என்று பையன் கேட்பான், நாமும் தலையாட்டுவோம். கடற்கரை ரோட்டை ஒட்டிப் பட்டறை வைத்திருக்கிற எனக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

வேண்டாம் என்றால் உடனே வருகிற பதில், "எங்க அப்பா அம்பாசடருக்கு அடிப்பாரே!" அடித்திருப்பார். அம்பாசடருக்குப் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். பட்டையோடு பட்டை உரசிக் கிறீச்சிடும், நடுவில் துரு ஏறும். அங்கே கொஞ்சம் எண்ணெய் விட்டால் சத்தம் அடங்கும். லாரிக்காரர்களின் பழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். இன்றைக்கு நீங்கள் ஓட்டுகிற காரில் அநேகமாக நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங், அதாவது சுருள் கம்பி. அதில் உரசுவதற்குப் பட்டையே கிடையாது. பட்டை இருந்த இடத்தில் ரப்பர் புஷ், ரப்பர் மவுண்ட், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் என்று ஏகப்பட்ட ரப்பர்தான் இருக்கிறது. இயற்கை ரப்பருக்கு டீசல், எஞ்சின் ஆயில் இரண்டுமே ஆகாது. குடித்து ஊதும், இளகும், கடைசியில் பிய்ந்துவிடும். அம்பாசடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. பழக்கம் மட்டும் நின்றபாடில்லை.

அடுத்த வாதம்: "எண்ணெய் இருந்தா துரு பிடிக்காதுல்ல?" சுத்தமாகத் துடைத்துக் காயவைத்த வெறும் இரும்புக்கு அது சரி. உங்கள் காரின் அடிப்பாகம் வெறும் இரும்பு இல்லை. கம்பெனியிலேயே பாடி முழுவதையும் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் கொடுத்துப் பூச்சு ஏற்றி, இணைப்புகளில் சீலண்ட் இழுத்து, கல் தெறிக்கிற இடங்களில் தடிப்பாகப் பிவிசியும் அடித்துத்தான் அனுப்புகிறார்கள். அதன்மேல் எண்ணெய்க்கு என்ன வேலை? போதாக்குறைக்கு அடிப்பது எப்போது? தண்ணீர் அடித்த கையோடு, ஈரம் சொட்டச் சொட்ட. இடுக்கில் நின்ற தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. வெளியே வந்து பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், ரோட்டுப் புழுதி மொத்தமும் அதில் ஒட்டும். ஈரத்துக்கு மேல் எண்ணெய், எண்ணெய்க்கு மேல் மண். துருவுக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. அடிக்கிறதும் புது ஆயிலா என்றால் பல இடங்களில் அதுவும் இல்லை, ஏதோ வண்டியில் வடித்த கழிவு ஆயில். எஞ்சினில் எரிந்ததன் அமிலமும் உலோகத் துகளும் அதிலேயே இருக்கும். 2016-இல் வந்த விதிகளின்படி கழிவு ஆயில் அபாயகரக் கழிவுப் பட்டியலில் இருக்கிற பொருள். அதை உங்கள் காருக்கு அடித்து, மிச்சத்தை வடிகாலில் விடுகிறார்கள்.

ரப்பராவது செலவோடு போகும். பிரேக் அப்படி இல்லை. ஸ்ப்ரே கன்னில் வருகிற புகைமாதிரித் துளி பிரேக் டிஸ்க்கில் படும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடு அதைக் குடிக்கும், அப்புறம் பிரேக் சரியாகப் பிடிக்காது. எண்ணெய் குடித்த பேடைத் தீயில் வாட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது தேறாது, மாற்றத்தான் வேண்டும். எஞ்சின் ரூமுக்கு 'டீசல் வாஷ்' கொடுப்பவர்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் கட்டுரை நாகரிகமாக இருக்காது.

சரி, துரு எங்கே ஆரம்பிக்கிறது? பெரும்பாலும் நீங்கள் ஆயில் அடிக்கிற இடத்தில் இல்லை. முன் சக்கரத்துக்கு மேலே கறுப்பு பிளாஸ்டிக் லைனர் ஒன்று இருக்கிறதே, அதன் பின்பக்கம், கதவுக் கீலுக்கு நேர் கீழே பாருங்கள். டயர் வாரி அடிக்கிற மண்ணும், கண்ணாடிக்கு அடியிலிருந்து இறங்குகிற சருகும் அங்கேதான் போய்ச் சேரும். லைனரைக் கழற்றினால் இரண்டு கை அள்ளுகிற அளவு மண் விழுவது எங்களுக்குச் சாதாரணம். வெளியே வெயில் கொளுத்தும், அந்த மண் மட்டும் சில்லென்று ஈரமாக இருக்கும். சிலதில் புல் முளைத்திருக்கும். அதைத் தள்ளிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டுவோம். 'டங்' என்று கேட்டால் பிழைத்தீர்கள். 'பொத்' என்றால் டிங்கர் வேலை.

இன்னொரு இடம், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி மாதிரியான பாகம். உள்ளே போகிற தண்ணீர் வடிவதற்கு அதன் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அது அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியில் பெயிண்ட் கொப்புளம் தெரிகிறபோது உள்ளே கதை முடிந்திருக்கும்.

"மழையே இல்லையே, ஈரம் ஏது?" என்று கேட்பவர்களுக்கு: காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ ராத்திரியில் அதைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. கடற்காற்றில் வந்து ஒட்டிய உப்பு, ஒரு சொட்டு மழை இல்லாமலே உங்கள் இரும்பை நனைத்துக்கொண்டிருக்கும். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டதிலிருந்து தனுஷ்கோடி போகாத கார் இல்லை. போங்கள், நன்றாக இருக்கும். திரும்பி வந்த மறுநாளே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். உப்புத் தண்ணீர் வருகிற போர்வெல்லில் கழுவிவிட்டு என்னிடம் வந்து அழக்கூடாது.

அண்டர்பாடி கோட்டிங், அதாவது அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு, தனியாகப் போட்டவர்களுக்கு ஒரு வரி. மண்ணையும் துருவையும் எடுக்காமல் மேலேயே கறுப்பு அடித்திருந்தால், போடாமலே இருந்திருக்கலாம். வடிகிற ஓட்டைகளையும் சேர்த்து அடைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

கழுவுவதில் வித்தை எதுவும் இல்லை. ஓட்டிவந்த சூட்டோடு ஆரம்பிக்காதீர்கள், டிஸ்க்கும் சைலன்சரும் ஆறட்டும். பாடியைக் கழுவுவதற்கு முந்தி சக்கரக் குழியை (சக்கரம் உட்கார்ந்திருக்கிற வளைவின் உள்பக்கம்) கழுவுங்கள், இல்லாவிட்டால் தெறித்த சேற்றுக்காக இரண்டாம் முறை பாடியைக் கழுவ வேண்டிவரும். காய்ந்த மண்ணைச் சுரண்டாமல் ஹோஸால் நனைத்துப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். பிறகு கார் ஷாம்பு, நீளக் கைப்பிடி பிரஷ். பாடிக்கு வைத்திருக்கிற துணியும் வாளியும் இங்கே வரவே கூடாது. குழியின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும், அந்த மடிப்புக்குள் விரலை விட்டு வழித்தெடுங்கள், பிரஷ் போகாது. அலசுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். அடைத்த ஓட்டையைக் குத்த பிளாஸ்டிக் கேபிள் டை போதும். கம்பியை விட்டால் உள்பூச்சு கீறி அங்கே புதுசாகத் துரு ஆரம்பிக்கும். முடித்ததும் மூடிபோட்டு நிறுத்தாமல் தெருவை ஒரு சுற்று சுற்றி, பிரேக்கை இரண்டு மூன்று தடவை மெல்ல அழுத்திக் காயவிடுங்கள்.

பிரஷர் வாஷர் வாங்கியிருக்கிறீர்களா? சந்தோஷம். ஓர் அடி தள்ளியே பிடியுங்கள். ஏபிஎஸ் சென்சார் ஒயர், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறை, வீல் பேரிங் சீல் இவற்றுக்கு நேராக வேண்டவே வேண்டாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், "பேட்டரிக்கு ஐபி67 இருக்கே" என்று தைரியமாக அடிக்கிறீர்கள். தண்ணீர் புகாது என்கிற அந்தச் சான்று ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் அசையாமல் கிடப்பதற்கானது, பக்கத்தில் வைத்துப் பீய்ச்சி அடிப்பதற்கு அல்ல. ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள், அது உயர் மின்னழுத்த ஒயர்.

அலாய் வீல் பளபளக்க ஆசிட் போடுகிற கடை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அலாயின் பூச்சு போவது ஒரு பக்கம், அதைத் தேய்க்கிற பையன் கையுறைகூட இல்லாமல் வெறுங்காலோடு நிற்கிறான்.

கடைசியாக ஒன்று, இதைத் திட்டாமல் கேட்டுக்கொள்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஒரு நிமிஷ வேலையாக இருந்தாலும் விடாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, சொல்லாமல் கொள்ளாமல் உடையும். ஸ்டாண்டு இல்லாதவர்கள் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்தாலே முன் குழி நன்றாகத் திறந்துவிடும், வெளியில் உட்கார்ந்தபடியே கழுவலாம். பின்பக்கத்துக்கு லிஃப்ட் உள்ள இடத்தில் விடுங்கள். விடும்போது டிரைவரிடம் சாவியைக் கொடுத்தனுப்பினால் அவரிடமும் சொல்லி அனுப்புங்கள், ஜாப் கார்டிலும் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்: 'தண்ணீர் மட்டும், ஆயில் ஸ்ப்ரே வேண்டாம்.' எழுதாவிட்டால் பழக்கதோஷத்தில் அடித்துவிடுவார்கள்.