‘கான்சர்ட் பார்ட்டி’யில் விருந்து எங்கே வந்தது?

பழைய பிரிட்டிஷ் வானொலி பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘கான்சர்ட் பார்ட்டி’க்கு ‘இசை விருந்து’ என்ற சொல் ஓயாமல் வருகிறது. உண்மையில் அது கடற்கரை ஊர்களில் கோடையில் பாட்டும் சிரிப்புமாக நிகழ்ச்சி நடத்திய கலைஞர் குழு. ஸ்காட்லாந்து நகைச்சுவைக் கலைஞர் ஹாரி கார்டன், அபர்டீன் கடற்கரையில் ‘இசை விருந்து’ நடத்தி, பிறகு ‘தம் நிறுவனத்துடன்’ வானொலிக்கு வந்தாராம். படிப்பவர் அவரை ஓட்டல் முதலாளி என்றுதான் நினைப்பார்.

‘பார்ட்டி’ என்பது பகுத்தல் என்ற பொருள்கொண்ட லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஒரு தரப்பு, ஒரு வேலைக்குச் சேர்ந்த ஆட்கள் என்பதே மூத்த பொருள். விருந்து பின்னால் ஒட்டிக்கொண்டது. ‘பேண்டு பார்ட்டி வந்தாச்சு’ என்றால் நம்மூரில் யாரும் இலை போடுவதில்லை. ‘நிறுவனம்’ என்று பெயர்க்கப்பட்ட ‘கம்பெனி’யும் அப்படியே, கலைஞர் குழுதான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவை ‘நிறுவனம்’ என்று எழுதக் கை கூசும் நமக்கு, அபர்டீன் என்றதும் ஏன் கூசவில்லை?

சற்று நிதானமானவர்கள் ‘பல்சுவைக் குழு’ என்கிறார்கள். பிழை சிறிதாகத் தெரியும், ஆனால் பிழைதான். பல்சுவை என்பது ‘வெரைட்டி’ என்ற மேடை நிகழ்ச்சிக்குப் பொருந்தும். அங்கே வித்தைக்காரர், பாடகி, சிரிப்பு நடிகர் என்று ஒவ்வொருவரும் தனித்தனி ஒப்பந்தம்; வாரம் முடிந்தால் ஆளுக்கொரு ஊர். கான்சர்ட் பார்ட்டியில் கோடை முழுக்க அதே ஆட்கள், அதே அரங்கம். தனிப்பாட்டு முடித்த பாடகியே அடுத்த குறுநாடகத்தில் மாமியாராக நிற்பார். தொடக்கப் பாட்டிலும் நிறைவுப் பாட்டிலும் எல்லாரும் மேடையில் இருப்பார்கள். விடுமுறைக்கு வந்தவர் ஒரு வாரம் தங்கி நாலு முறை வருவார் என்பதால், வாரத்துக்குள்ளேயே நிகழ்ச்சியை மாற்றியாக வேண்டும். ஒரே நாரில் தொடுத்த பலவகைப் பூ இது. ஆகவே ‘கதம்பக் குழு’. ‘கச்சேரிக் குழு’ என்றால் தம்பூரா சத்தம் கேட்கிறது, வேண்டாம்.

பொருள் தெளிந்தால்தான் வானொலி செய்த மாற்றமும் விளங்கும். 1923இல் அபர்டீனில் பிபிசி நிலையம் திறந்தது. கார்டன் தாம் கற்பனையில் கட்டிய இன்வர்ஸ்னெக்கி கிராமத்தின் நிலக்கிழாராக ஒலிபரப்பில் பேசினார். பேச்சிலேயே வாழும் ஊர் என்பதால் அது ஒலிவாங்கிக்குத் தோதானது. தொப்பியும் நடையும் மட்டுமே நம்பியவர்களுக்கு அங்கே வேலையில்லை. அரங்கிலிருந்து நேரடி ஒலிபரப்பு என்றால் தொல்லை இன்னொன்று: கூட்டம் சிரிக்கும், எதற்கென்று வீட்டில் கேட்பவருக்குப் புரியாது. ஒரு கோடை முழுக்க ஓடவேண்டிய சரக்கும் ஒரே இரவில் ஊரெங்கும் செலவாகிவிடும்.

அதனால் வானொலியில் ‘ஃபீட்’டின் பாடு, அதாவது சிரிப்பு நடிகரிடம் கேள்வி கேட்டு நகைச்சுவைக்கு வழிவிடும் துணை நடிகரின் பாடு, இரட்டிப்பானது. வழக்கமான கேள்வியோடு, “என்ன ஐயா, கையில் வாளியும் கழுத்தில் மாலையுமாக?” என்று கண்ணுக்குத் தெரிவதையும் அவரே சொல்லியாக வேண்டும். இவரை ‘ஊட்டுநர்’ என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? அடி எடுத்துக் கொடுப்பது நம் பாட்டிலும் கூத்திலும் புழங்கும் பேச்சு. ‘எடுத்துக் கொடுப்பவர்’ என்றால் தீர்ந்தது. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டு, அதற்குத் தனித்தமிழ் என்று பெயர் வைக்கிறார்கள்.