இரைச்சலுக்காக ஏர்த்தைக் கழற்றாதீர்கள்

"அண்ணை, இரைச்சல் நிண்டிட்டுது. ஆனா பாடேக்கை சொண்டில சுர்ரெண்டு அடிக்குது."

யாழ்ப்பாணத்தின் கொக்குவிலில் ஒரு வீட்டின் பின் அறையில் பயிற்சி எடுக்கும் இசைக்குழுவின் கிற்றார்த் தம்பி போனில் இப்படிச் சொன்னபோது நான் இரவுச் சாப்பாட்டில் இருந்தேன். இரைச்சலை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "அம்ப் பிளக்குக்குள்ள இருக்கிற பச்சை வயரைக் கழட்டி விட்டம்" என்றான். அதுதான் ஏர்த் வயர், பழுது வந்தால் கரண்டை ஆளில் ஏற விடாமல் நிலத்துக்குக் கொண்டுபோவது. எல்லாவற்றையும் சுவிச்சில் நிறுத்து, கிற்றாரைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு புறப்பட்டேன்.

கோயில் திருவிழா, கலியாண வீடு, பாடசாலை விழா என்று பல வருடங்களாக ஒலியமைப்புச் செய்கிறேன். மைக், வாத்தியச் சத்தங்களைக் கலக்கும் மிக்சர் வைத்திருக்கும் குழுக்கள் இப்போது சத்தத்தை லப்டொப்புக்குள் அனுப்பும் இன்ரபேஸ் பெட்டி ஒன்றும் வாங்கி, பயிற்சியை லப்டொப்பில் பதிந்து கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். தாளம் எங்கே ஓடுகிறது, யார் சுதி விலகுகிறார்கள் என்பதை நூறு தரம் சொல்வதைவிட ஒருதரம் கேட்க வைப்பது மேல். ஆனால் இரண்டையும் இணைத்த அன்றே பெரும்பாலும் ஒரு "ம்ம்ம்" வந்து சேரும். அதை நிறுத்துவதற்குப் பெடியள் செய்யும் வேலைதான் என்னைப் பயப்படுத்துகிறது.

அந்த அறையில் மிக்சரின் மெயின் அவுட் இன்ரபேசுக்குப் போயிருந்தது. கிற்றார் அம்பின் லைன் அவுட்டும் நேராக அதே இன்ரபேசுக்கு. மிக்சருக்கு ஒரு சுவர் பிளக், அம்புக்கு வேறொரு மூலையிலிருந்து எக்ஸ்ரென்ஷன் வயர். இரண்டு கருவிக்கும் தனித்தனியே ஏர்த் இருக்கிறது, நடுவில் சிக்னல் வயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை, அதாவது ஷீல்ட், அவற்றை மீண்டும் இணைக்கிறது. ஆக ஒரு வளையம். எங்கள் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலாகவும் அதன் மடங்குகளாகவும் காதில் விழுகிறது. அம்பின் ஏர்த்தைக் கழற்றினால் வளையம் உடையும், இரைச்சலும் நிற்கும். ஆகவே கழற்றியது வெற்றி என்று நினைத்துவிடுகிறார்கள்.

பச்சை வயரைக் கழற்றி இரண்டு கிழமையாக ஒன்றும் நடக்காததற்கும் காரணம் உண்டு. அம்புக்குச் சொந்த ஏர்த் போனாலும், லைன் அவுட் வயரின் ஷீல்ட் வழியாக மிக்சரின் ஏர்த் அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. மெல்லிய ஜாக் வயர் ஒன்றில் உயிர் தொங்கியது என்று சொல்லலாம். அன்று பதிவு வேண்டாம், பாட்டு மட்டும் பழகுவோம் என்று அந்த வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். அத்தோடு அம்ப் முழுக்க அந்தரத்தில் நின்றது. கிற்றாரின் கம்பிகள் அம்பின் உலோக உடலோடு இணைந்தவை. மைக்கின் முன் வலை மிக்சர் வழியாக ஏர்த்தோடு இணைந்தது. கை கம்பியில், சொண்டு வலையில். நடுவில் இருக்கும் வயர் நீங்கள்தான்.

மீற்றரின் ஒரு முனையைக் கம்பியிலும் மற்றதை மைக் வலையிலும் வைத்துப் பார்த்தேன். எண்பது வோல்ற் சொச்சம். அது உள்ளே இருந்து வரும் மெல்லிய கசிவு, அதனால் சுர்ரென்றதோடு போயிற்று. உள்ளே காப்பு பழுதாகி லைன் நேராக உடலில் முட்டியிருந்தால் வந்திருப்பது 230. 1972 மே 3ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், ஸ்ரோன் த குறோஸ் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக ஏர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார்.

எங்கள் ஊரில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சமாளிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். தொண்ணூறுகளில் யுத்தத்தால் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட சனம். அந்தக் கெட்டித்தனம் 230 வோல்ற்றிலும் கைகொடுக்கும் என்று நினைப்பதுதான் பிழை. பழைய வீடுகள் சிலவற்றில் பிளக் பேஸில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் ஏர்த் வயரே இருக்காது. இருக்கும் வீட்டிலும் ஏர்த் கம்பி இறங்கியிருப்பது சுண்ணாம்புக்கல் மண்ணில். வெயில் காலத்தில் மண் வறண்டால் அதன் பலம் குறையும், அந்தக் காலம்தான் எங்களுக்குத் திருவிழாக் காலமும். பயிற்சி அறைக்குக் கரண்ட் கசிந்தால் தானாக விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதா, அதன் சோதனைப் பட்டனை அமத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். புது மைக் அதற்குப் பிறகு வாங்கலாம்.

சரி, இரைச்சலை என்ன செய்வது? முதலில் மிக்சர், அம்ப், லப்டொப் சார்ஜர் எல்லாவற்றுக்கும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து, தாங்கக்கூடிய ஒரே எக்ஸ்ரென்ஷன் மூலம் கரண்ட் எடுங்கள். பாதி வழக்கு அதிலேயே முடியும். பிறகு சார்ஜரைப் பிடுங்கி லப்டொப்பை பற்றரியில் ஓட விடுங்கள். இரைச்சல் நின்றால் வளையம் சார்ஜர் வழியாகத்தான். பதியும் நேரம் பற்றரியிலேயே ஓட்டலாம், கரண்ட் போனாலும் பதிவு போகாது. அதற்கும் அடங்காவிட்டால் வளையத்தைச் சிக்னல் வயரில் உடையுங்கள். சிக்னலை இடையில் வாங்கி அனுப்பும் சின்னப் பெட்டிதான் டிஐ பொக்ஸ். ட்ரான்ஸ்போமர் உள்ள டிஐ பொக்ஸில் "கிரவுண்ட் லிப்ட்" என்று ஒரு சுவிச் இருக்கும். அது விலக்குவது சிக்னல் ஷீல்டை மட்டும். சுவரின் ஏர்த் அப்படியே இருக்கும்.

அடுத்தது எந்த ஓட்டையில் எதைச் செருகுவது என்பது. மைக்கிலிருந்து வருவது ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் சில பங்கு. மிக்சரின் மெயின் அவுட் சாதாரண அளவிலேயே 1.23 வோல்ற். பெரும்பாலான இன்ரபேசுகளின் கூட்டு ஓட்டையில் எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று முள் மைக் பிளக்கைச் செருகினால் மைக் பகுதிக்குப் போகும், பெரிய ஜாக் செருகினால் லைன் பகுதிக்குப் போகும். மிக்சரிலிருந்து எக்ஸ்எல்ஆர் வயரை இழுத்துக் குத்தினால் சத்தம் கிழியும். அதோடு சில மைக்குகளுக்குக் கரண்ட் கொடுக்க முன்பு போட்ட 48 வோல்ற் சுவிச்சும் போட்டபடி இருந்தால், அது மிக்சரின் வாசலுக்குள் திரும்பி ஏறும். மூன்று தொடுப்பு உள்ள ஜாக் வயர் வாங்குங்கள், 48ஐ நிறுத்துங்கள், கெயினை, அதாவது உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் திருகை, அடியில் வைத்துத் தொடங்குங்கள். திரையில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் ஆடினால் போதும். 24 பிற்றில் பதியும்போது சிவப்பைத் தொடும் வரை ஏற்ற ஒரு தேவையும் இல்லை.

மெயின் அவுட்டை எடுத்தவர்கள் பிறகு வந்து, "பாட்டும் கீபோர்ட்டும் மட்டும்தான் கேட்குது" என்பார்கள். சின்ன அறையில் டிறம்ஸும் அம்பும் தாமாகவே முழங்கும், அவற்றை மிக்சரில் ஏற்றியே இருக்க மாட்டார்கள். டிறம்ஸுக்கு ஒரு மைக், அம்புக்கு ஒரு மைக் வைத்து, அந்த இரண்டின் பேடரையும், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளியையும், கீழே விட்டு, பேடருக்கு முந்திய ஒக்ஸ் எனும் தனி வெளிவழியாகப் பதிவுக்கென்றே தனி அளவு அனுப்புங்கள். அறையில் கேட்பது வேறு, பதிவாவது வேறு. யூஎஸ்பி உள்ள மிக்சர் என்றால் இன்ரபேஸே தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் யமஹா எம்ஜி10எக்ஸ்யூ போன்றவை கணினிக்கு அனுப்புவது இரண்டு சனலைத்தான். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாகப் பிறகு திருத்த ஆசையென்றால் எட்டு லைன் உள்ள இன்ரபேசும், மிக்சரில் ஒவ்வொரு சனலின் சிக்னலையும் தனியாக எடுக்க உதவும் இன்சேர்ட் ஓட்டைகளும் வேண்டும். பயிற்சிக்கு அது அதிகம் என்பது என் எண்ணம்.

லப்டொப்பிலிருந்து சத்தத்தைத் திரும்ப மிக்சருக்குக் கொண்டுவந்தால் அந்தச் சனலின் ஒக்ஸைப் பூச்சியத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் போனது திரும்பி வந்து, வந்தது மீண்டும் போய், ஸ்பீக்கர் ஊளையிடும். பாடும்போது உங்கள் குரலை மிக்சரிலிருந்தே கேளுங்கள், மென்பொருள் வழியாக வந்தால் தாமதிக்கும். பவர் அம்பை அல்லது பவர் ஸ்பீக்கரைக் கடைசியாகப் போட்டு முதலாவதாக நிறுத்துங்கள்.

அன்றிரவு அம்ப் பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் வயரைத் திரும்பப் பூட்டினேன். மீற்றர் பூச்சியத்துக்கு வந்தது. லைன் அவுட்டைச் செருகியதும் இரைச்சலும் திரும்பி வந்தது. என் பையில் இருந்த டிஐ பொக்ஸை இடையில் போட்டு, லிப்ட் சுவிச்சைத் தள்ளினோம், நின்றது. ஒரு கிழமைக்கு என்று கேட்டு வைத்துக்கொண்ட பொக்ஸ் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. நானும் கேட்கவில்லை.