தொட்டியில் வைத்தால் ஆமைக்குஞ்சுக்குப் பலம் வராது

போன ஞாயிறு மறுபடியும் ஒரு அழைப்பு, இலங்கையின் தென்கரையில், கடலாமை முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைக்கும் ஆமைப் பண்ணை ஒன்றிலிருந்து. நீலம் பூசிய சீமெந்துத் தொட்டிக்குள் நூற்றுக்கும் மேல் குஞ்சுகள். ஒன்றைக் கையில் எடுத்தேன். பின்துடுப்பில் பாதி இல்லை. பக்கத்துக் குஞ்சுகள் கடித்திருந்தன. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பொரித்து ஒன்பது நாள்.

தொட்டியருகே ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கொஞ்ச நாள் வச்சு வளர்த்து, பலம் வந்தாப் பிறகுதான் கடலில விடுவினம்."

மிருக வைத்தியராக நான் அதிகம் கேட்பதும், கேட்டு மனம் நோவதும் இந்த வார்த்தைதான். பலம் வராது. இருக்கிற பலமும் போய்விடும். பொரித்து வரும் குஞ்சு வெறும் வயிற்றோடு வருவதில்லை. முட்டையின் மஞ்சள் கருவில் மிச்சம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. வழிக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. மணலை விட்டு வந்ததும் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வெறி பிடித்தாற்போல நீந்தும். மீனும் பறவையும் காத்திருக்கும் கரையோரத்தைத் தாண்டி ஆழ்கடல் சேரத்தான் அந்த ஓட்டம். தொட்டியில் போட்டாலும் அப்படியேதான் நீந்தும், சுவரில் முட்டி முட்டி. கட்டுச்சோறு அங்கேயே தீர்ந்துவிடும். ஐந்தாம் நாள் கடலில் விட்டால் அந்த வேகம் அடங்கிப் போயிருக்கும். அதையும் படமெடுக்க வசதியாகப் பகல் வெளிச்சத்தில் விட்டால் காகத்துக்கும் மீனுக்கும் இரைதான்.

முட்டையிலும் இதே கதை. கோழிமுட்டையைப் புரட்டிப் பழகிய கைகள் ஆமைமுட்டையையும் புரட்டுகின்றன. இட்டுச் சில மணி நேரம் கடந்த பிறகு புரட்டினால் கரு செத்துவிடும். மணலின் சூடும் முக்கியம்: 29 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடு ஏற ஏறப் பிறப்பதெல்லாம் பெண்ணாகவே இருக்கும். நிழலில்லாத வேலிக்குள் வரிசையாகப் புதைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

பொரித்த இரவே கடலுக்கு விடுகிற பண்ணைகளும் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நம் கரையில் முட்டையிடும் ஐந்து இனங்களுக்கும் 1972 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தங்காலைக்குப் பக்கத்திலுள்ள ரெக்கவ கடற்கரையில் 1990களில், முட்டை எடுத்து விற்றவர்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்தார்கள். முட்டைகள் தாய் இட்ட குழியிலேயே பொரித்தன. ஆமை பார்க்க ஆசையென்றால் அங்கே இரவில் போங்கள். டோர்ச் அடிக்காதீர்கள், முட்டையிட்டு முடியும்வரை கிட்டப் போகாதீர்கள்.

பண்ணைக்குத்தான் போவதென்றால் வாசலிலேயே கேளுங்கள்: எப்போது பொரித்தவை, எப்போது விடுவீர்கள்? "நாலு நாள் கழித்து" என்றால் டிக்கெட் எடுக்காமல் திரும்புங்கள். குஞ்சைக் கையில் வாங்க வேண்டாம். உங்கள் கையிலுள்ள சன்கிரீமும் நுளம்பு மருந்தும் அதற்கு ஆகாது. அதன் உடம்பிலிருக்கக்கூடிய சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி உங்கள் பிள்ளைக்கு ஆகாது. தொட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கடற்கரையில் தனிக் குஞ்சு கண்டால், தயவுசெய்து, வாளித் தண்ணீரில் போடாதீர்கள். அதிலும் நீந்தி நீந்திக் களைத்துப்போகும். ஈரமணல் போட்ட பெட்டியில், இருட்டான இடத்தில் வையுங்கள். வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள், அன்றிரவே அது கடலுக்குப் போகட்டும்.