காரில் கைத்துப்பாக்கி: கலிஃபோர்னியா சட்டம் என்ன கேட்கிறது?

சனிக்கிழமை காலை சுடுதளத்தில் பயிற்சியை முடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். வழியில் இந்தியக் கடையில் நிறுத்தி, கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. துப்பாக்கி? அது காரிலேயே இருக்கட்டும், ஐந்து நிமிட வேலைதானே!

கலிஃபோர்னியாவில் அந்த ஐந்து நிமிடத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. மாநிலக் குற்றவியல் சட்டத்தின் 25140ஆம் பிரிவு அது. 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இங்கே உரிமையோடு துப்பாக்கி வாங்கி வைத்திருக்கிற நம்மவர்கள் சிலரிடம் பேசிப் பார்த்தேன். வாங்குவதற்கான தேர்வு, பத்து நாள் காத்திருப்பு எல்லாம் அத்துப்படி. இந்தப் பிரிவை மட்டும் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

இது எப்படி வந்தது என்று தெரிந்தால் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது புரியும். 2015 ஜூன் கடைசியில், சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக் காவலர் ஒருவரின் காரை உடைத்து, பைக்குள் இருந்த அவருடைய துப்பாக்கியை யாரோ திருடிப் போனார்கள். நான்கு நாள் கழித்து, அதே துப்பாக்கியிலிருந்து பாய்ந்த குண்டு, கடலோரத் துறை ஒன்றில் தந்தையோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண்ணின் உயிரைப் பறித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஓக்லண்டில், பாலத்தடியில் சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்த 27 வயது ஓவியர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துப்பாக்கியும் குடியேற்றத் துறை அதிகாரி ஒருவரின் காரிலிருந்து களவு போனதுதான். இரண்டும் அரசு அதிகாரிகளின் துப்பாக்கிகள் என்பதைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டே, மாநில செனட்டர் ஜெரி ஹில் கொண்டுவந்த மசோதா சட்டமானது. காவலர்களுக்கும் அது பொருந்தும்.

சரி, சட்டம் கேட்பது என்ன? ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விட்டுப் போவதென்றால், அதைப் பூட்டிய டிக்கியில் வைக்க வேண்டும். இல்லையென்றால், பூட்டிய பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டி வெளியிலிருந்து கண்ணில் படாதபடி வைக்க வேண்டும். பிக்கப் டிரக் என்றால், பின்தட்டில் நிரந்தரமாகப் பொருத்திய கருவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம்.

பலர் தவறுவது ‘டிக்கி’ என்ற சொல்லில்தான். பயணிகள் உட்காரும் பகுதியிலிருந்து கை எட்டாத, முழுக்க மூடிப் பூட்டிய பொருள் வைக்கும் இடத்தைத்தான் சட்டம் டிக்கி என்கிறது. ஹேட்ச்பேக், எஸ்யூவி வண்டிகளின் பின்பகுதி இதில் சேராது. கண்ணாடி ஜன்னல் உள்ள எந்த அறையும் சேராது. ஆக, நம் தெருவில் வரிசையாக நிற்கும் ப்ரியஸிலும் சிஆர்வியிலும் பின்கதவைத் திறந்து வைக்கிற இடம் டிக்கி ஆகாது, பெட்டி வேண்டும். செடான் வைத்திருப்பவர்களும் ஒரு தடவை பின்சீட்டை மடித்துப் பாருங்கள். உள்ளே கை போகிறது என்றால், சட்டத்தோடு வாதாடிக்கொண்டிருக்காமல் ஒரு பெட்டி வாங்கிவிடுவதுதான் நல்லது.

பெட்டி என்றால் நாலாபுறமும் மூடியதாக, சாவிப் பூட்டோ நம்பர் பூட்டோ போட்டதாக இருக்க வேண்டும். கிளவ் பாக்ஸ் பெட்டி ஆகாது, பூட்டி வைத்தாலும் ஆகாது. பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியைக் காரிலேயே விட்டுப் போகிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

கண்ணில் படக்கூடாது என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் தெரிகிற எந்த இடமும் ‘கண்ணில் படுகிற இடம்’தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும், டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாலும் அப்படியே. மேலே துண்டைப் போட்டு மறைத்தால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போன வருடம் என் காரின் பின்கண்ணாடியை உடைத்தார்கள். சீட்டில் கிடந்தது என் மகளின் பழைய ஸ்வெட்டர் ஒன்றுதான். ஸ்வெட்டர் அங்கேயே கிடந்தது, புரட்டிப் போட்டபடி. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் உடைத்திருக்கிறார்கள். கண்ணாடித் துகள்களைப் பொறுக்கி முடிக்க ஒரு மாதம் ஆனது.

ஆளில்லாத வண்டி என்றால், வேறொருவர் கை வைப்பதைத் தடுக்க முடியாத தூரத்துக்கு நீங்கள் போய்விட்ட வண்டி. கடைக்குள் நுழைந்துவிட்டாலே அந்தக் கணக்கில் வந்துவிடும். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் உள்ளவர்களுக்கும் விலக்கு இல்லை.

மீறினால் அபராதம் 1000 டாலர் வரை, சிறை கிடையாது. பிரிவு பேசுவது கைத்துப்பாக்கியை மட்டும்தான். ஆனால் நீளத் துப்பாக்கியைத் திருடனுக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்லவில்லையே. அதையும் இதே மாதிரி பூட்டி வையுங்கள் என்பேன். சில ஊர்களில் உள்ளாட்சி விதிகள் தனியாக உண்டு, அவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் மேல் களவு போய்விட்டால்? 2016 தேர்தலில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 63ஆம் முன்மொழிவு, தெரிய வந்த 5 நாளுக்குள் காவல்துறையிடம் சொல்ல வேண்டும் என்கிறது. ஐந்து நாள் என்பது கடைசி வரம்பு, அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது துப்பாக்கியின் வரிசை எண்ணைக் கேட்பார்கள். அது துப்பாக்கியில் மட்டும் இருந்தால், துப்பாக்கியோடு போயிருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காகிதத்தில் எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள்.