லைன் அறுந்து இரண்டு மணித்தியாலத்தின் பின் சூடேறும் வழங்கி

கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தின் வழங்கியை (சேர்வரை) பராமரிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மாரி காலத்தில் முல்லைத்தீவுக் கிளையுடனான இணைப்பு அறுந்தால் உடனே ஒன்றும் நடப்பதில்லை, இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுப் பின்னர்தான், எவருமே வேலை செய்யாத நேரத்தில், புரோசசர் நூறு வீதத்தைத் தொடுகிறது. ஏன்?

அந்த இரண்டு மணித்தியாலம்தான் துப்பு. மறுமுனை முறையாக விடைபெற்றால் அதைச் சொல்லும் பொதி ஒன்று, இணைப்பை நடத்தும் டிசிபி நெறிமுறையின்படி, வந்துசேரும். லைன் சட்டென அறுந்தால் எதுவும் வராது. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்-அலைவ் வசதி இயக்கப்பட்டிருந்தால், லினக்ஸ் வழக்கமாக 7,200 செக்கன் மௌனத்தின் பின்னரே சோதனைப் பொதியை அனுப்பத் தொடங்கும். 75 செக்கனுக்கு ஒன்றாக 9 பொதிகளுக்கும் பதில் இல்லையென்றால், ஏறக்குறைய 2 மணித்தியாலம் 11 நிமிடத்தில் அந்த இணைப்பு இறந்துவிட்டதாக லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் அறிவிக்கும்.

வேடிக்கை இனித்தான். வழங்கி மென்பொருள் வேலையில்லாதபோது ஈபோல் என்ற, கேர்னலிடம் விடுக்கும் அழைப்புக்குள் உறங்குகிறது; உறங்கும்வரை அதற்குப் புரோசசர் நேரம் தேவையில்லை. ஏதேனும் இணைப்பில் அசைவு ஏற்பட்டால் கேர்னல் எழுப்பிவிடும். வயற்காவற் கொட்டிலில் படுத்திருப்பவரை வேலியில் கட்டிய தகரப்பேணிகள் எழுப்புவதைப்போல என்று வைத்துக்கொள்வோம். முறிந்த கொப்பொன்று கம்பியில் விழுந்து கிடக்க, அவர் எழுந்து பார்த்து, "பன்றி இல்லை" என்று திரும்பப் படுத்தால், கண் மூடுமுன் பேணி மறுபடி கிலுங்கும். இறந்த இணைப்பும் அப்படித்தான். மென்பொருள் கேட்காவிட்டாலும் பிழையையும் துண்டிப்பையும் ஈபோல் சொல்லியே தீரும். அந்த நிலை நீடிக்கும்வரை, இயல்பான முறையில் ஒவ்வொரு அழைப்பும் உறங்காமல் உடனே திரும்பிவிடும். தரவு வந்ததா என்று மட்டும் பார்த்து, இல்லையென்று விட்டுவிடும் நிரல், நொடிக்குப் பல்லாயிரம் தடவை எழுந்து படுத்தே புரோசசரின் கோர்களில் (கணிக்கும் அலகுகளில்) ஒன்றை முழுதாகத் தின்றுவிடும்.

எது எவ்வளவு புரோசசர் நேரம் எடுக்கிறது என்று காட்டும் டொப் கட்டளையில் எந்தச் செயன்முறை என்று தெரிந்ததும், ஒரு நிரல் கேர்னலுக்கு விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை அதன்மீது சில செக்கன்கள் ஓடவிட்டால், ஒரே இணைப்பு எண்ணுடன் ஈபோல் ஓயாமல் திரும்புவது வரிவரியாக ஓடும். நம் அலுவலகங்களில் இதற்கு முன்னரே ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள், அல்லது வைரஸ் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சில இடங்களில் புதிய இயந்திரத்துக்கே விலைமனு கோரப்படுகிறது. அதே மென்பொருள் அந்தப் புதிய இயந்திரத்தையும் சூடாக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

பிழையோ துண்டிப்போ அறிவிக்கப்பட்டால் அந்த இணைப்பை நிரல் மூடிவிட வேண்டும். அது ஒன்றுதான் மருந்து. கீப்-அலைவ் நேரத்தை 7,200இலிருந்து 600 ஆகக் குறைத்துப் பார்ப்பவர்களுக்கு, அதே சூடு 21 நிமிடத்திலேயே வந்துவிடும்.